துரை பாஸின் கண்ணளவு

காருக்குப் பின்னால் சற்றுத் தள்ளிக் குந்தியிருக்கிறார் துரை பாஸ். சாறனை முழங்காலுக்கு மேல் மடித்துச் செருகியிருக்கிறார். வலக்கண் மூடியிருக்கிறது. தலை இடத்தோளை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கார்க்காரர் இருமவும் கூடாது. யாருடைய போனாவது அடித்துவிட்டால் பாஸ் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடியும் முதலிலிருந்து குந்துவார். வேலியில் காகம் கரைந்தால்கூட அதற்கும் ஒரு முறைப்பு உண்டு.

கடைசியில் கண்ணைத் திறந்து, தொடையில் தட்டிக்கொண்டு எழும்புவார். தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான்.

"இடக்கைப் பக்கம் ஸ்பிரிங் செத்துட்டு."

"பாஸ், நான் வந்தது டயர் உரசுதெண்டு..."

"உரசுறது மறுகா. முதல்ல கார் நேரா நிக்கோணும். ஆள் கோணலா நிண்டா செருப்பு ஒரு பக்கம்தான் தேயும். செருப்ப மாத்தி என்ன பிரயோசனம்?"

முழுப்பெயர் இராசதுரை. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்குப் போகும் வழியில், தன்னாமுனையில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது அவருடைய கராஜ். எஞ்சின் வேலை அவர் பார்ப்பதில்லை. சாய்ந்த கார், பதிந்த கார், டயர் உரசுகிற கார், ஓட்டும்போது ஒரு பக்கம் இழுக்கிற கார் இவை மட்டும்தான். "எஞ்சினுக்கு நெஞ்சு டொக்டர்மார் இரிக்காங்க. நான் நடைவைத்தியன்" என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். பஞ்சர் ஒட்டித் தரச் சொல்லி வந்தவர்களை அவர் பார்க்கிற பார்வையில், சிலர் டயரைத் தாங்களே கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கார்களுக்கு அடியில் படுத்து, ஒரே பக்கமாகக் கழுத்தைத் திருப்பி வேலை செய்து செய்து, அவருடைய தலை அந்தப் பக்கமே குடியேறிவிட்டது. இளவயதிலேயே வந்த சாய்வு அது. கல்யாணப் படத்தில் மனைவி வதனியும் அதே பக்கம் அதே அளவு தலையைச் சாய்த்திருக்கிறாள். அவளுக்குக் கழுத்தில் ஒரு குறையும் இல்லை. படம் பிடித்தவர் அலுத்துப்போய், "மாப்பிளை நிமிர மாட்டார் போல. பொம்பிளையாவது கொஞ்சம் சாயுங்களன்" என்று கேட்டுக்கொண்டதன் விளைவு. ஊரார் அதைப் பார்த்து எவ்வளவு அன்னியோன்னியம் என்று சொன்னார்கள்.

இந்தச் சாய்வு பாஸுக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்குத் தன் தலையே தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் இருக்கும் சாமிப் படம், கலண்டர், செத்தவர் படம் எல்லாவற்றையும் "கோணலாக் கிடக்கு" என்று திருத்திவிட்டுத்தான் கதிரையில் உட்காருவார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் எழும்பி எல்லாவற்றையும் பழையபடி நேராக்குவார். களுவாஞ்சிக்குடியில் அவருடைய மச்சான் ஒருவர், பாஸ் வருகிறார் என்று கேள்விப்பட்டாலே படங்களைக் கழற்றிக் கட்டிலில் அடுக்கிவிடுகிறார்.

இனி அந்தச் சீமெந்து நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாரி வெள்ளத்தில் வாவி கராஜுக்குள் வந்து, முற்றத்தைச் சேறாக்கிவிட்டுத் திரும்பிப் போனது. இனிச் சேற்றில் படுக்க முடியாது என்று பாஸ் நிலத்துக்குச் சீமெந்து போட முடிவெடுத்தார். மேசன் தனோஜன் வந்தார். கையில் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு நுனியைத் தான் பிடித்து, மறு நுனியைப் பாஸிடம் நீட்டினார்.

"அண்ணன், இதப் பிடிங்க. ரெண்டு நுனியிலயும் தண்ணி ஒரே உயரத்துல நிக்கும். அதப் பாத்து அடையாளம் போட்டா நிலம் மட்டமா வரும்."

பாஸ் குழாயைப் பார்த்தார். தனோஜனைப் பார்த்தார். சிரித்தார்.

"என்ட கண்ண விடத் தண்ணிக்கு என்னகா தெரியும்?"

தனோஜன் வாய்ச்சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. குழாயைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு, பாஸ் குந்தியிருந்து கைகாட்டிய உயரத்துக்கெல்லாம் சீமெந்தைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். நிலம் வாவிப் பக்கம் சரிந்திருந்தது. பெரிய சரிவில்லை. பார்த்தால் தெரியாது. வெயிலில் காய்ந்து வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. அதில் ஏறும் கார் எல்லாம் ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போவதால், வாவி எப்போதும் காரின் இடக்கைப் பக்கம்தான். ஆகவே அன்றிலிருந்து பாஸின் கண்ணுக்கு, வந்த கார் எல்லாம் இடக்கைப் பக்கம் பதிந்தே நின்றன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். இவரோ ஆட வந்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

பதிந்த பக்கத்து ஸ்பிரிங்குக்குள் ஒரு றப்பர்த் துண்டைச் சொருகி உயர்த்துவார். கார் அவருடைய நிலத்தில் நேராக நிற்கும். றோட்டில் ஏறியதும் வலக்கைப் பக்கம் சாயும். செங்கலடிச் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. தூரத்தில் ஒரு கார் வலப்பக்கம் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், "தன்னாமுனையில காட்டிட்டு வாறார்" என்பார்கள். சிலர் திரும்பி வந்து பாஸிடம் முறையிட்டார்கள். அவர் மறுபடியும் குந்தினார், ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அந்த நிலத்தில் கார் நேராகத்தான் நின்றது. அப்படியென்றால் பிழை எங்கே? வலக்கைப் பக்கம் இருப்பது யார்? சாரதி.

"காரில ஒரு குறையுமில்ல. நீங்கதான் மெலியோணும்."

இப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் அஞ்சலோட்டம் ஓடுகிற பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு மெலிவதற்கு எலும்பைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பாஸுக்கு வீட்டில் ஒரேயொரு மனக்குறை. வதனி அவருக்கு முக்கால் கிளாஸ் தேத்தண்ணிதான் ஊற்றிக்கொடுப்பாள். வீட்டுக்குள் குடித்தால் நிறைய வரும். கராஜுக்குக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நிலத்தில் வைத்தால் முக்கால்தான். "ஊரெல்லாம் என்னப் பாஸ் பாஸ் எண்டுறாங்க. என்ட வீட்டுல முழுக் கிளாஸுக்கு வழியில்ல. கஞ்சப் பிசினாறி!" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வரும். வதனி கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இந்த நிலைமையில்தான் முகைதீன்பாவா வந்தார். ஏறாவூர்க்காரர். கைத்தறிச் சாறன்களைக் காரில் ஏற்றிச் சந்தை சந்தையாக விற்கிறவர். கதவைத் திறந்து அவர் இறங்கினால் கார் ஒருமுறை மூச்சு விடும். அவருடைய முறைப்பாடு எளிமையானது: பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்னால் இடப்பக்கத்து டயர் மட்கார்ட்டில் உரசுகிறது. பாஸ் குந்தினார், பார்த்தார், றப்பர்த் துண்டைச் சொருகினார்.

ஒரு கிழமையில் பாவா திரும்பி வந்தார். இடப்பக்கம் உரசுவது குறைந்திருந்தது, நிற்கவில்லை. கூடவே வலப்பக்கமும் உரசத் தொடங்கியிருந்தது. பாஸ் வழக்கம்போல் பார்த்துவிட்டு, காரை விட்டுப் பாவாவின் வயிற்றைப் பார்த்தார். எவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாசூக்காகச் சொன்னார்.

"பாவா, காரில பிழையில்ல. பாரம் உங்கட பக்கம்."

பாவா நல்ல மனிதர். வைத்தியர் சொன்னபோது கேட்காததை, மெக்கானிக் சொன்னபோது கேட்டார். இரவுச் சோற்றை விட்டார். இறைச்சிக் கறியில் கைவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்த வட்டிலப்பம் சுற்றிவந்தபோது கண்ணை மூடிக்கொண்டு தட்டை அடுத்த ஆளிடம் தள்ளினார். அந்தக் காட்சியைப் பார்த்த அவருடைய மனைவி ஆசியா உம்மா, மனிசனுக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று நினைத்து அழுதுவிட்டாள். பாவாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் நிஸ்றாவுக்கு நிறைமாதம். தலைப்பிள்ளை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மருமகன் கட்டாரில் வேலை. ஓட்டோவின் குலுக்கலில் அவளை ஏற்ற உம்மா சம்மதிக்கவில்லை. "என்ட மகள நான் என்ட காரிலதான் கொண்டு போவன்" என்று பாவா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தது. முகம் வற்றியிருந்தது. கார் மட்டும் அப்படியே வலப்பக்கம் சாய்ந்து உரசிக்கொண்டு வந்தது.

"பாஸ், இஞ்ச பாருங்க" என்று இடப்பக்க டயரைக் காட்டினார். உரசி உரசி ஓரத்தில் றப்பர் வெட்டுப்பட்டு, உள்ளே நூல் தெரிந்தது. "புள்ளத்தாச்சிப் புள்ளய வெச்சிக்கிட்டு நடுறோட்டுல இது வெடிச்சா நான் என்ன செய்ய? இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இரிக்கா. நான் மெலிஞ்சிட்டன் பாஸ். இனி எங்க மெலியிற?"

பாஸுக்கு முதல் தடவையாக உள்ளே ஏதோ உறுத்தியது. பாவா உண்மையிலேயே மெலிந்திருந்தார். சாரதி பாரம் என்கிற நியாயம் இனி நிற்காது. அப்படியென்றால் பிழை தன் கண்ணிலா? அந்த நினைப்பை ஈயைப் போல் விரட்டிவிட்டு, ஜக்கைப் போட்டுக் காரைத் தூக்கினார். கட்டை முட்டுக் கொடுத்தார். இடப்பக்கச் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் ஊர்ந்து போனார்.

வதனி தேத்தண்ணியுடன் வந்தாள். விருந்தாளிக்கு நிறைந்த கிளாஸ். பாவா அதை வாங்கவும் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கிளாஸைக் காரின் வலப்பக்கத்துச் சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஆசியா உம்மாவின் குரல் தள்ளி நின்ற வதனிக்கே கேட்டது.

"நிஸ்றாக்கு நோவு தொடங்கிட்டு! எங்க நிக்கிற நீங்க?"

பாவா ஒரு சுற்றுச் சுற்றினார். கால் கிளாஸில் பட்டது. கிளாஸ் உருண்டது. தேத்தண்ணி முழுவதும் நிலத்தில் கொட்டி, ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, பிறகு காருக்கு அடியால் நேரே துரை பாஸை நோக்கி ஓடத் தொடங்கியது.

"அம்மோ! ஆருகா காதுக்குள்ள சுடுதண்ணி ஊத்தின?"

"நான் ஊத்தல்ல பாஸ். தட்டுப்பட்டுட்டு" என்றார் பாவா, போனையும் பொத்தாமல். "அது தன்பாட்டுல உங்களத் தேடி வருது."

"அது எப்பவும் அங்கதான் ஓடும், நானா" என்று பாவாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் வதனி. "கழுவுற தண்ணியும் அங்கதான். மழைத் தண்ணியும் அங்கதான். இவருக்கு முட்ட ஊத்திக் குடுத்தா அதுவும் அந்தப் பக்கத்தாலதான் வழியும். அதுக்குத்தான் நான் முக்கா கிளாஸ் குடுக்கிறது."

இனிப்புத் தேத்தண்ணி அவருடைய காதைத் தாண்டி, கழற்றி வைத்திருந்த சில்லைச் சுற்றி, சீமெந்தின் விளிம்பால் இறங்கி வாவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பாஸ் மல்லாந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அந்த வாத்தியார் நினைவுக்கு வந்தார். செங்கலடி ஓட்டோக்காரர்கள் ஏன் தன்னைக் கண்டால் மரியாதையாகச் சிரிக்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கியது.

பிறகு ஊர்ந்து வெளியே வந்தார். காதில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது.

"இத ஏன் இவ்வளவு காலமும் நீ எனக்குச் சொல்லல்ல?"

"கேட்டீங்களா? தண்ணிக்கு ஒண்டும் தெரியாதெண்டு தனோஜனிட்டச் சொன்ன மனிசனிட்ட நான் தேத்தண்ணியக் கொண்டு வந்து சாட்சி சொல்லுறதோ?"

அவர் நினைத்திருந்தால் வாயைத் திறக்காமல் வேலையை முடித்திருக்கலாம். பாவாவுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை, வதனி எங்கே விளக்கிச் சொல்லப் போகிறாள்? பாஸுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் எதிரே பாவா நின்றுகொண்டிருந்தார். வற்றிய முகம், புதுத் துளை போட்ட பெல்ட், கையில் மகளின் முனகல் கேட்கிற போன். பாஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாவா, காரிலயும் பிழையில்ல, உங்களிலயும் பிழையில்ல. என்ட நிலம்தான் கோணல். நான் போட்ட றப்பர்தான் உங்கட கார வலக்கைப் பக்கம் சாச்சது."

பாவா பெல்ட்டின் புதுத் துளையைத் தடவினார்.

"அப்ப நான் விட்ட வட்டிலப்பம்?"

பாஸ் தலை குனிந்தபடியே மறுபடியும் காருக்கு அடியில் ஊர்ந்தார்.

அதன் பிறகு அவர் வேலை செய்த வேகத்தை வதனி இன்றைக்கும் சொல்லுவாள். றப்பர்த் துண்டை ஒரே இழுவையில் உருவி எறிந்தார். பின்பக்கத்துச் சாறன் கட்டுகளை வாரி நிலத்தில் போட்டு, அடியிலிருந்த மாற்றுச் சில்லை எடுத்தார். கழற்றிய சில்லுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்துவைத்து, இரண்டின் முகத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மாற்றுச் சில்லில் கை நிறைந்தது. கழற்றியதில் கையைத் தாண்டி இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.

"இந்த அகல டயர் எங்கால?"

"பஞ்சரான நேரம் பழைய டயர் ஒண்டு வாங்கிப் போட்டன். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. அதுவும் வட்டம், இதுவும் வட்டம். என்ன வித்தியாசமெண்டு நினைச்சன்."

"அதுதான் பாவா உரசினது. முதல் நாளே நான் இதத் தொட்டுப் பாத்திருக்கோணும். நான் தூரத்தில குந்தியிருந்து தலையத்தான் சரிச்சன்."

மாற்றுச் சில்லைப் பூட்டினார். காரைத் தானே ஓட்டித் தார் றோட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பழக்கதோஷத்தில் பின்னால் போய்க் குந்தினார். தலை சாய்ந்தது, கண் மூடியது.

"கண்ணால இல்ல! விரலால!" என்று வாசலிலிருந்து வதனி கத்தினாள்.

பாஸ் எழும்பி, சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார். இந்தப் பக்கம் மூன்று விரல். அந்தப் பக்கமும் மூன்று விரல். பாவா உள்ளே விழுந்து கதவைச் சாத்தினார். கார் ஏறாவூரை நோக்கிப் பறந்தது.

நிஸ்றாவை ஏற்றிக்கொண்டு இதே வழியால்தான் அது பட்டணத்துக்குத் திரும்ப வேண்டும். கராஜுக்குச் சற்று அப்பால் ஒரு மதகு இருக்கிறது. உரசுகிற கார் எதுவும் அதில் ஏறி இறங்கும்போது குரல் கொடுக்காமல் போனதில்லை. பாஸ் அந்த மதகுக் கட்டில் போய் உட்கார்ந்தார். இன்னொரு கார்க்காரர் கராஜ் வாசலில் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். பாஸ் திரும்பவில்லை. பயந்துபோயிருந்தார். பிள்ளை பெறுவதற்குத் தன் மனைவியைக் கொண்டுபோன நாளில்கூட இப்படிப் பயந்ததில்லை.

கார் வந்தது. முன்னால் பாவா, பின்னால் ஆசியா உம்மா, நிஸ்றா, இன்னும் இரண்டு சொந்தக்காரப் பெண்கள், பைகள், ஒரு தலையணை. அவ்வளவு பாரத்தோடும் கார் நேராக வந்தது. மதகில் ஏறியது. பாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்கள் இரண்டையும் இறுக மூடினார். கார் இறங்கியது. "உம்மோவ்!" என்று ஒரு சத்தம் கேட்டது. அது நிஸ்றா போட்ட சத்தம். டயர் வாயே திறக்கவில்லை.

பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். பாவா தன் கையாலேயே ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் கொண்டுவந்து, கராஜ் வாங்கில் உட்கார்ந்து, பாஸுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தானே சாப்பிட்டுத் தீர்த்தார். இழந்ததெல்லாம் ஒரே இருப்பில் வசூலாகிவிட்டது. இடையில் அந்த வாத்தியாரும் வந்து தன் காரிலிருந்த றப்பர்த் துண்டைக் கழற்றுவித்துக்கொண்டு போனார். அவருக்குப் பாஸே ஆளனுப்பியிருந்தார்.

அடுத்த கிழமை மேசன் தனோஜனுக்கும் ஆள் போனது. அவர் பழைய குழாயை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு நுனியைத் தான் பிடித்து, மறு நுனியை நீட்டினார்.

"அண்ணன், பிடிக்கிறீங்களா?"

பாஸ் வாவிப் பக்கம் போய் நின்று, இரண்டு கையாலும் பிடித்தார். குழாய்க்குள் தண்ணீர் ஆடியது, ஏறியது, இறங்கியது, பிறகு அசையாமல் நின்றது. வதனி பின்னால் தேத்தண்ணிக் கிளாஸுடன் நின்றிருந்தாள். பாஸ் வலக்கண்ணை மூடினார். தலை வழக்கமான பக்கம் சாய்ந்தது. தண்ணீர் கோணலாகத் தெரிந்தது போலும். குழாயைச் சற்றுத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் தன்பாட்டில் பழைய இடத்திலேயே நின்றது.

பிறகு குழாயை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் தன் தாடையைப் பிடித்து, தண்ணீருக்குச் சரியாக வரும்வரை தலையை மெல்ல மெல்ல நிமிர்த்தினார்.